நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பார்களா?

நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) ஒரு தங்கை கேட்டிருக்கும் கேள்வி இது: "நானும் அம்மாவும் ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு ஆஸ்பத்திரி சீரியல் பார்க்கிறோம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார்கள், மானிட்டரில் கோடு நேராகப் போகிறது, இஸ்திரிப் பெட்டி மாதிரி இரண்டை வைத்து ஷாக் கொடுக்கிறார்கள், ஆள் எழுந்து உட்காருகிறார். பாம்பு கடித்தால் ஒரே ஊசி. இதெல்லாம் எவ்வளவு நிஜம்? எங்கள் மலையில் ஒருவருக்கு அப்படி ஆனால் இப்படித்தான் நடக்குமா? அப்புறம், போன வெள்ளிக்கிழமை சீரியலில் பெரிய டாக்டருக்கே கோடு நேராகிவிட்டது, 'தொடரும்' போட்டுவிட்டார்கள். பிழைப்பாரா என்று அம்மா கேட்கச் சொன்னார்."

அம்மாவின் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் ஆண் நர்ஸ். நோயாளிகளுக்கு 'பிரதர்'. 22 வருடக் கேஷுவாலிட்டி (அவசர சிகிச்சைப் பிரிவு) வேலையில் முதல் 5 வருடம் கோயம்புத்தூர், மீதி குன்னூர், கோத்தகிரிப் பக்கம். சீரியலும் பார்ப்பேன். பார்க்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் தடை போட்டிருக்கிறார்கள், அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன்.

கருவி, மருந்து, ஊசி விஷயத்தில் சீரியல்காரர்கள் அங்கங்கே தப்புப் பண்ணுகிறார்கள், அதை மன்னித்துவிடலாம். நேரத்தைத்தான் கண்டபடி வெட்டுகிறார்கள். ஒரு நிமிஷத்தில் செய்தாக வேண்டிய வேலையை நாலு பேர் முகத்தைக் காட்டி அரை மணி நேரம் இழுக்கிறார்கள். மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதை ஒரே ஷாட்டில் முடிக்கிறார்கள். மலையில் வேலை பார்த்தவனுக்கு உறுத்துவது அதுதான்.

முதலில் அந்த நேர்கோடு. இதயம் நிற்பதில் முக்கியமாக இரண்டு விதம் உண்டு. ஒன்று, துடிப்பதற்குப் பதிலாக நடுங்குவது. ஊர்த் திருவிழாவில் பத்து மேளக்காரர்கள் ஆளுக்கொரு தாளம் அடித்தால் எப்படி இருக்கும்? சத்தம் இருக்கும், பாட்டு இருக்காது. இதயத்தின் தசைகள் அப்படி ஆளுக்கொரு பக்கம் நடுங்கும், ஒரு சொட்டு ரத்தம் வெளியே போகாது. மானிட்டரில் அது கிறுக்கல் மாதிரி அலையலையாகத் தெரியும். இதற்குத்தான் ஷாக். ஷாக் இதயத்தை ஓடவைப்பதில்லை. எல்லா மேளத்தையும் ஒரு கணம் நிறுத்துகிறது. அந்த அமைதியில் இதயத்துக்குள் இயற்கையாக இருக்கும் தாளக்காரர் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பல சமயம் ஆரம்பிப்பார்.

இரண்டாவது விதம் நேர்கோடு. அங்கே நிறுத்துவதற்கு மேளமே இல்லை. ஷாக் கொடுத்துப் பயனில்லை, கொடுக்கவும் மாட்டோம். நெஞ்சை அழுத்துவோம், 3 முதல் 5 நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு மில்லிகிராம் அட்ரினலினை நரம்பில் போடுவோம், இதயம் நின்றதற்கான காரணத்தைத் தேடுவோம். நெஞ்சுக்குள் நேராக நீள ஊசியைக் குத்துவதைக் கைவிட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. ஆக, சீரியலில் எந்தக் கோட்டுக்கு ஷாக் கொடுக்கிறார்களோ அந்தக் கோட்டுக்குத்தான் நிஜத்தில் கொடுப்பதில்லை. ஏன் அப்படி எடுக்கிறார்கள் என்றால், நேர்கோடு பார்ப்பவருக்குப் புரிகிறது. கிறுக்கல் புரியாது, அவ்வளவுதான்.

நிஜ வார்டில் நேர்கோடு வந்தால் முதலில் நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி அலாரம் அடித்து, கோடு நேராகி, நானும் இன்னொரு சிஸ்டரும் வழியில் இருந்த ஸ்டூலைத் தள்ளிவிட்டு ஓடினோம். கட்டிலில் பெரியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில், மானிட்டருக்காக நெஞ்சில் ஒட்டியிருந்த மூன்று வில்லைகள். "அரிக்குது பிரதர், எடுத்துட்டேன். இப்ப எதுக்கு ஓடி வர்றீங்க?" என்றார். நாங்கள் பார்க்கும் நேர்கோடுகளில் பாதி இந்த ரகம்.

சரி, நெஞ்சை அழுத்துவது. சீரியல் நடிகர்கள் முழங்கையை மடித்து, மெத்தையில் மாவு பிசைவதுபோல் அழுத்துகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஓடிக்கொண்டிருக்கும் இதயத்தின் மேல் நிஜ அழுத்தம் கொடுத்தால் எதிரே படுத்திருக்கும் நடிகருக்குத்தான் ஆபத்து. நிஜத்தில் கை நேராக, முழங்கை பூட்டினதுபோல இருக்க வேண்டும். தோள் நோயாளியின் நெஞ்சுக்கு மேலே வர வேண்டும். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழமாவது இறங்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும். வயதானவர்களுக்கு விலா எலும்பு முறியும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டவர்கள் கையை எடுத்துவிடுவார்கள். எடுக்கக் கூடாது. இரண்டு நிமிஷத்தில் நல்ல திடகாத்திரமான ஆளுக்கே தோள் விட்டுப் போகும், ஆள் மாற்றுவோம். சீரியலில் ஒரே ஹீரோ கண்ணீரோடு அழுத்திக்கொண்டே இருக்கிறார். கேஷுவாலிட்டியில் அப்போது யாரும் அழுவதில்லை. ஒருவர் உரக்க எண்ணுவார், ஒருவர் மணி பார்த்து எழுதுவார்.

மலைக்கே உரிய ஒரு தொல்லையும் இதில் உண்டு, எந்த சீரியலிலும் வராது. எங்களிடம் வருகிறவர் அயர்ன் பண்ணின சட்டையோடு வருவதில்லை. மேலே ஒரு சால்வை, அதற்குக் கீழே ஜெர்கின், அதற்குக் கீழே ஸ்வெட்டர், உள்ளே ஒரு பழைய முழுக்கைச் சட்டை, பனியன். தலையில் மங்கி குல்லா. ஷாக் கொடுக்கும் ஒட்டுப்பட்டை வெறும் தோலில், ஈரமில்லாத தோலில் ஒட்ட வேண்டும். ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் கத்திரிக்கோலால் கழுத்திலிருந்து அடிவரை வெட்டிக்கொண்டே போவோம். கம்பளி நூல் கத்திரியில் சிக்கும். ஒரு தடவை அப்படி வெட்டினபோது வாசலில் நின்ற மகள், "அது நான் கையால் பின்னினது" என்றார். அதட்டவில்லை, சும்மா சொன்னார், அந்த நேரத்தில் மனசு எதையாவது பிடித்துக்கொள்ளும். அந்தப் பெரியவர் பிழைக்கவில்லை. ஸ்வெட்டரை மடித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன்.

எத்தனை பேர் பிழைக்கிறார்கள்? 1996-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க மருத்துவ இதழில் மூன்று டாக்டர்கள் ஒரு வேலை செய்தார்கள். அப்போது ஓடிய 'ஈஆர்', 'சிகாகோ ஹோப்', 'ரெஸ்க்யூ 911' என்ற மூன்று நிகழ்ச்சிகளையும் உட்கார்ந்து பார்த்து, சிபிஆர், அதாவது இப்படி நெஞ்சை அழுத்தும் முதலுதவி, வந்த 60 இடங்களை எண்ணினார்கள். அந்த நேரத்தில் உயிர் மீண்டவர்கள் 75 சதவீதம். வீடு திரும்பினதாகக் காட்டப்பட்டவர்கள் 67 சதவீதம். நிஜத்தில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இதயம் நின்றாலும் வீடு திரும்புவது நாலைந்து பேரில் ஒருவர். வெளியே, வீட்டிலோ ரோட்டிலோ நின்றால் பத்தில் ஒருவர்கூடத் தேறுவது கஷ்டம். இன்னொன்றையும் அவர்கள் கவனித்தார்கள். டிவியில் இதயம் நிற்பவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள், இளைஞர்கள். எங்கள் வாசலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபது தாண்டியவர்கள்.

இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. நடுங்கும் இதயத்துக்கு, யாரும் நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் போய்விடுகிறது. எந்த ஹட்டிக்கும் பத்து நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிடாது. வளைவு இருக்கிறது, மூடுபனி இருக்கிறது. ஆகவே அந்த முதல் பத்து நிமிஷம் டாக்டருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. பக்கத்தில் இருப்பவருடையது. 108-ஐ ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்துவிட வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், அழுத்தினாலே போதும்.

அடுத்தது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது. மாரடைப்பு வேறு, இதயம் நிற்பது வேறு. மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. ஆள் பேசிக்கொண்டிருப்பார், நடந்துகூட வருவார். சீரியலில் வில்லன் ஒரு கெட்ட செய்தியைச் சொன்னதும் பெரியவர் இடது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார் அல்லவா, அப்படி வருகிறவர்கள் குறைவு. நெஞ்சின் நடுவே பாரம் வைத்த மாதிரி, தாடை இழுக்கிறது, மேல்வயிறு எரிகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வியர்க்கிறது என்றுதான் வருவார்கள். பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் சில சமயம் வலியே இல்லாமல் வெறும் அசதி, மூச்சுத் திணறல் என்றும் வரும். ஜனவரிக் குளிரில், விடிகாலை நாலு மணிக்கு ஒருவருக்கு வியர்த்தால் என் கண்ணுக்கு அதுவே சைரன்.

இங்கே எல்லாவற்றுக்கும் 'வாயு' என்று ஒரு பெயர் இருக்கிறது. தேயிலை வைத்திருக்கும் ஒரு பெரியவர் விடிகாலை மூன்று மணிக்கு வலி வந்து, ஓம வாட்டர் குடித்து, அடங்காமல் இஞ்சிச் சாறும் குடித்து, யாரையும் எழுப்ப வேண்டாம் என்று திண்ணையில் உட்கார்ந்து, முதல் பஸ் பிடித்து, அதிலிருந்து இறங்கி மேடு ஏறி நடந்து எங்களிடம் வந்தார். மணி எட்டரை. ஈசிஜி எடுத்துப் பார்த்தால் நல்ல பெரிய அட்டாக். "ராத்திரியே ஏன் வரல ஐயா?" என்றால், "பையன் கோயமுத்தூர்ல இருந்து அப்பத்தான் வந்து படுத்தான், எழுப்ப மனசு வரல" என்றார். சீரியலில் இந்த ஐந்தரை மணி நேரம் கிடையாது. இதயத் தசை செத்துக்கொண்டே இருந்தது அந்த ஐந்தரை மணி நேரத்தில்தான்.

அடைப்பைக் கம்பி விட்டுத் திறக்க வேண்டுமென்றால் பொதுவாகக் கோயம்புத்தூர் போயாக வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து இன்னொரு 35. நல்ல நாளில் இரண்டு மணி நேரம். மே மாதம் சீசனில் மேலே வரும் வண்டிகளைக் குன்னூர் வழியிலும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியிலும் விடுவார்கள். கொடநாடு பார்த்துவிட்டு இறங்குகிற டெம்போ வரிசைக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் நிற்கும். மழைக்காலத்தில் மண் சரியும். 2009 நவம்பரில் மலையின் பல சாலைகள் துண்டுதுண்டாகப் போனது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். அதனால் நாங்கள் முதலில் அனுப்புவதில்லை, முதலில் மருந்து. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, ஸ்ட்ரெப்டோகைனேஸோ டெனெக்டிப்ளேஸோ, அதைப் போட்டுவிட்டுப் பிறகுதான் வண்டி. வலி ஆரம்பித்த 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும், முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால் கிடைக்கும் பலன் அப்புறம் கிடைக்காது. 2023-லிருந்து தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'இதயம் காப்போம்' என்று 14 மாத்திரை கொடுக்கிறார்கள். ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரெல் 4, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின் 8. பார்க்க ஒன்றுமில்லாத ஒரு கை மாத்திரை. அதைத் தண்ணீரோடு விழுங்கும் காட்சியை எந்த இயக்குநரும் எடுக்க மாட்டார். ஆனால் கீழே போய்ச் சேரும்வரை ஆளைக் காப்பாற்றுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது பாம்பு. சீரியலில் காதலன் வாயால் விஷத்தை உறிஞ்சித் துப்புவான், இல்லாவிட்டால் டாக்டர் ஒரே ஊசி போடுவார், காதலி கண் திறப்பாள். உறிஞ்சுவது, கீறுவது, கயிறு கட்டுவது எதுவுமே வேண்டாம். கடித்த கையையோ காலையோ ஆட்டாமல், எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல ஒரு கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டு, கிளம்புங்கள்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் முதலில் செய்வது என்ன தெரியுமா? உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது. நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, சோப்பு படாத, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஸ்டாண்டில் நிறுத்திவைத்து மணி பார்ப்போம். 20 நிமிஷம். தொடக் கூடாது, ஆட்டக் கூடாது, "என்னாச்சு" என்று தூக்கிப் பார்க்கக் கூடாது. கூட வந்தவர்களுக்குக் கோபம் வரும், "ஊசி போடாம மணி பாக்குறாங்க" என்பார்கள். வலி, வீக்கம், கண் இமை, மூச்சு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் இருப்போம், அது அவர்களுக்குத் தெரியாது. 20-வது நிமிஷம் குழாயை மெதுவாக ஒருமுறை சாய்ப்போம். உள்ளே ரத்தம் உறைந்த தயிர் மாதிரி அசையாமல் நின்றால் மூச்சு விடலாம். குழம்பு மாதிரி வழிந்தால் கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் மாதிரி விஷம் வேலை செய்கிறது, உடனே விஷமுறிவு மருந்து. அதுவும் ஒரு ஊசி இல்லை. 8 முதல் 10 குப்பி, டிரிப்பில் கலந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற்றுவது. குழந்தைக்கும் அதே அளவுதான், பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருவது என்பதால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, ஆகவே அட்ரினலினைச் சிரிஞ்சில் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் டிரிப்பைத் திறப்போம்.

அந்த மருந்து நாலு பாம்புக்குத்தான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். அந்த மருந்து செய்யத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பகுதி சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் ஆரம்பித்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. இந்த நாலும் மசினகுடி, கல்லார் மாதிரி மலையடிவாரங்களில் சர்வ சாதாரணம். மேலே தேயிலைக்குள் இலை பறிக்கும்போது கடிப்பது பெரும்பாலும் குழிவிரியன் வகை, அதற்கு இந்த மருந்து பிடிக்காது. வீக்கத்தைப் பார்த்து, வலிக்குக் கொடுத்து, சிறுநீர் போகிறதா, ரத்தம் உறைகிறதா என்று மறுபடி மறுபடி பார்த்து, இரண்டு நாள் படுக்கவைப்பதுதான் வைத்தியம். கட்டுவிரியனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ராத்திரி தூக்கத்தில் கடிக்கும், கடித்த இடம் தெரியாது, வீங்காது. விடிகாலை வயிற்றுவலி, அப்புறம் கண் இமை தொங்கும். அடிவாரத்தில் தரையில் படுத்தவர் அப்படி எழுந்தால் அல்சர் மாத்திரை கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், நம் மலையில் நடப்பதும் எந்த சீரியலிலும் வராததுமான அவசரம் ஒன்று உண்டு. கரிப்புகை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். ராத்திரிக் குளிருக்கு எரிந்து முடிந்த கரி அடுப்பையோ, தோட்டத்தில் கோழி சுட்ட இரும்புத் தட்டையோ கங்கோடு அறைக்குள் எடுத்து வந்து, கதவு ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணியையும் திணித்துவிட்டுப் படுப்பார்கள். புகை வரவில்லையே, வெறும் கங்குதானே என்று நினைப்பு. கங்கிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, வாந்தி, எழுந்தால் கால் துவளும். சுற்றுலா வந்தவர்களாக இருந்தால் "மலைப்பாதை ஒத்துக்கல, ராத்திரி பிரியாணி சேரல" என்று நினைத்துக்கொண்டு மறுபடி படுத்துவிடுவார்கள். அந்தத் தூக்கம்தான் ஆபத்து.

கேஷுவாலிட்டியில் எங்களையே ஏமாற்றும் விஷயம் இதில் இருக்கிறது. விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கிளிப் 98 காட்டும். அந்தக் கருவிக்குக் கார்பன் மோனாக்சைடு ஒட்டின அணுவுக்கும் ஆக்ஸிஜன் ஒட்டின அணுவுக்கும் வித்தியாசம் தெரியாது. நல்லா இருக்கிறவருக்குக் குறைவாகக் காட்டவும் செய்யும். விரல் சில்லிட்டிருந்தால் எண்ணே வராது, தேய்த்துச் சூடு பண்ணி மாட்ட வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு (மேட்டுப்பாளையத்தில் வாங்கின சிப்ஸ் பாக்கெட் மேலே வரும்போது பலூன் மாதிரி உப்புவது அதனால்தான்). கீழிருந்து வந்த ஆளுக்கு 95 காட்டினால் பதற வேண்டியதில்லை. ஆகவே எண்ணைப் பார்க்காமல் கேள்வி கேட்போம்: "ஒரே ரூம்ல எத்தனை பேர் படுத்தீங்க? எல்லாருக்கும் தலைவலியா? ரூம்ல என்ன எரிஞ்சுது?" ஒரே அறையில் மூன்று பேருக்கு ஒன்றாகத் தலைவலி வந்தால் அது பிரியாணி இல்லை. வைத்தியம் எளிது. கதவைத் திறந்து வெளியே தூக்கி வருவது, முகமூடியில் முழு ஆக்ஸிஜன். சாதாரணக் காற்றில் அந்த விஷம் ரத்தத்தில் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம். முழு ஆக்ஸிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். முகமூடியை மாட்டிக்கொண்டு சும்மா படுத்திருக்க வேண்டும், காட்சி என்று ஒன்றும் இல்லை. தூக்கப் போகிறவர் முதலில் ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளே போகட்டும், இல்லாவிட்டால் தூக்க இன்னொருவர் வேண்டும்.

நாய்க்கடி இன்னொன்று. சீரியலில் கடிபட்டவர் நாய் மாதிரிக் குரைப்பார். ரேபீஸ் வந்தவர் குரைப்பதில்லை. தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும், காற்றுப் பட்டால் துடிப்பார். அறிகுறி வந்துவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. அவசரம் இருப்பது கடிபட்ட அன்றைக்கு, ஒன்றுமே தெரியாத அந்தச் சின்னக் காயத்தில். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். மணி பார்த்துக் கழுவிப் பாருங்கள், 15 நிமிஷம் எவ்வளவு நீளம் என்று தெரியும். அப்புறம் அன்றே முதல் தடுப்பூசி, பிறகு 3, 7, 28-ம் நாட்களில். காயம் ஆழம் என்றால் காயத்துக்குள்ளேயே போடும் இன்னொரு மருந்தும் உண்டு. இந்த விஷயத்தில் நம் மலைக்கு ஒரு பழைய உறவு இருக்கிறது. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். அப்போது ஊசி போட இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்குத்தான் போக வேண்டும். ரயிலில் அங்கே போய்ச் சேர்வதற்குள் நாள் ஓடிவிடும். அந்தச் சாவுதான் தெற்கே ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சைக் கிளப்பி, 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்க வைத்தது. சிம்ஸ் பார்க் போகிறவர்கள் பக்கத்திலேயே அந்தக் கட்டடத்தைப் பார்க்கலாம்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாடி பிடித்து "நீங்க தாத்தா ஆகப்போறீங்க" என்பது: நாடியில் கர்ப்பம் தெரியாது, சிறுநீர்ச் சோதனை வேண்டும். பனிக்குடம் உடைந்து இரண்டு நிமிஷத்தில் குழந்தை: முதல் பிரசவத்துக்குப் பெரும்பாலும் பல மணி நேரம் ஆகும். நிஜத்தில் பயப்பட வேண்டியது குழந்தை பிறந்த பிறகு தாய்க்கு வரும் ரத்தப்போக்குக்கு. அந்த நேரத்தில் சீரியலில் எல்லோரும் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். கொண்டை ஊசி வளைவில் ஆம்புலன்ஸிலேயே பிறந்தால் குழந்தையைத் துடைத்து, அம்மாவின் வெற்று நெஞ்சில் போட்டு, இருவருக்கும் சேர்த்துப் போர்த்துங்கள். நம் குளிருக்கு அதைவிட நல்ல ஹீட்டர் கிடையாது. தலையில் அடிபட்டு நினைவு போய், மறுபடி அடிபட்டு நினைவு வருவது: இரண்டாவது அடியில் ஆளே போய்விடுவார்.

"இது போலீஸ் கேஸ், எஃப்ஐஆர் இல்லாம தொட மாட்டோம்" என்று சீரியல் டாக்டர் சொல்வதை மட்டும் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. அதை நம்பி, அடிபட்டவரை ரோட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: முதலில் உயிர், மற்றதெல்லாம் பிறகு, அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆனாலும். கொண்டுவந்து சேர்த்தவரைப் பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் அரசு பணம் கட்டுகிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவு, பிரேக் சூடாகி ஓடும் வெளியூர் வண்டி என்று மாதம் தவறாமல் பார்ப்பவன் நான். தூக்கி வந்தவர்களை யாரும் பிடித்துவைத்ததில்லை. அடிபட்டவருக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள், போர்வை கொடுங்கள். உடம்பு சில்லிட்டால் ரத்தம் உறைவது குறையும்.

சீரியல் சரியாகக் காட்டுவதும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். வராண்டா. பிளாஸ்கோடு ஒரு அத்தை, போனை நெற்றியில் வைத்துக்கொண்டு ஒரு மாமா, யார் முதலில் டாக்டரிடம் கேட்பது என்று கண்ணாலேயே பேசிக்கொள்ளும் இரண்டு மருமகள்கள். அது அப்படியே நிஜம். "24 மணி நேரம் போனாதான் சொல்ல முடியும்" என்ற வசனத்தையும் எல்லோரும் கிண்டல் பண்ணுகிறார்கள். பல நோய்களில் அது உண்மைதான். என்ன, அந்த 24 மணி நேரமும் உள்ளே ஒரு நர்ஸ் மணிக்கொரு தடவை சிறுநீரை அளந்து எழுதிக்கொண்டிருப்பார், அது கேமராவுக்குத் தெரிவதில்லை.

இனி அம்மாவின் கேள்வி. பெரிய டாக்டருக்குக் கோடு நேராகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நிஜ ஆஸ்பத்திரி என்றால் ஷாக் கிடையாது, உடனே யாராவது நெஞ்சை அழுத்தியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமையிலிருந்து இன்றுவரை நாள் கணக்கு ஆகிவிட்டது. சீரியல் என்பதால் ஷாக் கொடுப்பார்கள், ஒரு தடவை இல்லாவிட்டால் மூன்றாவது தடவையில் பிழைத்துக்கொள்வார். அடுத்த வாரம் தலையில் வெள்ளைக் கட்டோடு கண் திறப்பார். நெஞ்சு நின்றவருக்குத் தலையில் எதற்குக் கட்டு என்று அம்மா கேட்டால், அதை இயக்குநரிடம்தான் கேட்க வேண்டும்.